சருகு எரித்த வீடுகள்

மலையாள நாட்டு ஸ்ரீவராகத்தில், தமிழ்க் குடும்பங்கள் வாழும் எங்கள் தெருவின் ரெசிடென்ட்ஸ் அசோசியேஷனுக்கு நான் மூன்று வருஷம் செக்ரட்டரியாக இருந்தேன். அரசாங்க ஆபீசில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவன், மலையாளத்தில் மனு எழுதத் தெரிந்தவன் என்பதால் என் தலையில் கட்டினார்கள். பெரிய வேலை ஒன்றுமில்லை. தெருவிளக்கு எரியாவிட்டால் புகார் கொடுக்க வேண்டும். குழாய் உடைந்தால் போன் செய்ய வேண்டும். கார்ப்பரேஷனிலிருந்து வருகிற அறிவிப்புகளை வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். அந்தக் கடைசி வேலைதான் என்னை மாட்டிவிட்டது.

மகர மாதத்தில், தமிழுக்குத் தை, ஓர் அறிவிப்பு வந்தது. திறந்த வெளியில் குப்பை எரிக்கக் கூடாது. பிளாஸ்டிக் மட்டுமல்ல, காய்ந்த இலை, தென்னை மட்டை, காகிதம் எதுவும் கூடாது. சொந்தக் கொல்லையில் எரித்தாலும் அபராதம் உண்டு. மொட்டை மாடியில் பையன்கள் வேடிக்கைக்காக மூட்டும் கேம்ப் ஃபயருக்கு முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். சமையல் அடுப்புக்கும் ஹோமத்துக்கும் தடையில்லை. மீறுகிறவர்களைப் படம் எடுத்துக் கீழே கண்ட நம்பருக்கு அனுப்பலாம், அனுப்புகிறவரின் பெயர் வெளியே வராது. பழைய ஆபீஸ் பழக்கத்தில் ஒரு வரி விடாமல் தமிழில் எழுதி, நம்பரையும் சேர்த்துக் குழுவில் போட்டேன். ஏழெட்டுக் கட்டைவிரல் படங்கள் வந்தன. அன்று சாயங்காலமே வழக்கம்போல எல்லாக் கொல்லையிலும் புகை எழுந்தது. என் கொல்லையிலும்தான்.

இதை மறைத்துப் பயனில்லை. எங்கள் தெரு வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. முன்பக்கம் குறுகல், பின்பக்கம் நீளமான கொல்லை. கொல்லைக்கு ஒரு மாமரமோ பலாவோ நிற்கும். மழை விட்டுப் பனியும் போனபிறகு சருகு கொட்டித் தீராது. பச்சை யூனிபார்ம் போட்டுக்கொண்டு மாதம் ஒருமுறை வருகிற பெண்கள், கழுவிக் காயவைத்த பிளாஸ்டிக்கை மட்டும் வாங்கிக்கொண்டு போவார்கள். சருகைத் தொட மாட்டார்கள். அதனால் கூட்டிப் பெருக்கி ஒரு தீக்குச்சி. கொசுவும் போகும் என்று ஒரு நியாயம். அறிவிப்பு என்பது மற்றவர்களுக்கு வருவது என்றுதான், அதை மொழிபெயர்த்த நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பத்து நாளில் தெருக்கோடி வீட்டுக்கு நோட்டீஸ் வந்தது. அடுத்த வாரம் இன்னும் இரண்டு வீட்டுக்கு. ஹெல்த் இன்ஸ்பெக்டர் நேரிலேயே வந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டுப் போனார். அபராதத் தொகையைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. படம் எடுத்தது யார் என்பதுதான் பேச்சு.

ஒரே வாரத்தில் தெரு மாறிவிட்டது. காலையில் கோலம் போடும்போது இந்த வாசலிலிருந்து அந்த வாசலுக்குப் பேசிக்கொள்கிற பெண்கள், குனிந்த தலை நிமிராமல் போட்டுவிட்டு உள்ளே போனார்கள். கையில் போனோடு யார் ஜன்னலோரம் நின்றாலும் எதிர்வீட்டுத் திரை அசைந்தது. நான் போகுமிடத்தில் பேச்சு நின்றது. அறிவிப்பைப் போட்டவன் நான், நம்பரைக் கொடுத்தவன் நான், கார்ப்பரேஷன் ஆபீசுக்கு மாதம் இரண்டு முறை போய் வருகிறவனும் நான். சந்தேகப்பட வேறு ஆள் எதற்கு?

பிறகு எனக்கே நோட்டீஸ் வந்தது. வந்தபோது, வெட்கமாக இருந்தாலும், உள்ளுக்குள் ஓர் ஆறுதல். இனியாவது நம்புவார்கள் என்று. மறுநாள் பால் வாங்கப் போன என் மனைவி வேறு செய்தியோடு வந்தாள். ‘தனக்கும் ஒரு நோட்டீஸ் வரவழைச்சுண்டா யாருக்கும் சம்சயம் வராதுன்னு செக்ரட்டரி கணக்குப் போட்டிருக்கார்’ என்று பால் பூத்தில் பேசிக்கொண்டார்களாம்.

இன்ஸ்பெக்டர் இளைஞர், மரியாதையானவர். நோட்டீஸ் வந்த அன்றே, கையெழுத்துப் போட்டுவிட்டு, அந்தப் படத்தை ஒருமுறை பார்க்கலாமா என்று கேட்டேன். அனுப்பியவர் விவரம் தன்னிடமே இல்லை என்று சொல்லிவிட்டு, படத்தைத் தன் போனில் காட்டினார். உயரத்திலிருந்து எடுத்த படம். என் கொல்லை, மாமரம், புகை, விளக்குமாற்றோடு நிற்கும் என் மனைவியின் முதுகு. படத்தின் ஓரத்தில், எடுத்தவருக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பொருள் பாதி விழுந்திருந்தது. கறுப்புத் தண்ணீர் டேங்க். அதன் உடைந்த மூடியை நீலக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது.

அந்தக் கயிறு எனக்குத் தெரியும். கட்டும்போது டேங்க் மூடியைப் பிடித்துக்கொண்டவன் நான்.

அது என் பக்கத்து வீட்டு மொட்டை மாடி. பக்கத்து வீட்டுக்காரன் என் சிநேகிதன். பாங்கிலிருந்து ஓய்வு பெற்றவன், என் வயது. முப்பது வருஷமாகக் காலையில் சேர்ந்து நடக்கிறோம். அவன் தமிழ்ப் பேப்பர் வாங்குவான், நான் மலையாளப் பேப்பர். பத்து மணிக்கு இடைச்சுவருக்கு மேலாக மாற்றிக்கொள்வோம். என் மகள் கல்யாணத்தில் பந்தியை நின்று கவனித்தவன் அவன்.

அன்று முழுக்க எனக்கு வேறு வேலை ஓடவில்லை. ஒரு ஃபைலைக் கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கம் நோக்கிப் படிக்கிற பழக்கம் எனக்கு உண்டு. முடிவைப் பார்த்துவிட்டு, அதற்குக் காரணமானவனைத் தேடிக்கொண்டு போவது. அப்படிப் பார்த்தால் எல்லாம் பொருந்தியது. தினமும் சருகு எரிக்கிற வீடுகள் ஐந்து. அவற்றில் நான்கு வீட்டுக்கு நோட்டீஸ் வந்தாகிவிட்டது. வராத ஒரே வீடு அவனுடையது. போன வருஷம் செக்ரட்டரி பதவியை அவனுக்குக் கொடுக்கலாம் என்று யாரோ சொல்லி, மற்றவர்கள் என்னையே தொடரச் சொன்னார்கள். அப்போது அவன் சிரித்துக்கொண்டே கைதட்டினான். அந்தச் சிரிப்பைக்கூட எடுத்து வைத்துத் திரும்பப் பார்த்தேன். சாயங்காலத்துக்குள் அதுவும் சரியில்லாத சிரிப்பாகிவிட்டது.

ஆத்திரத்தில் ஒன்றும் கேட்காதீர்கள், ஆற அமர விசாரியுங்கள் என்று மனைவி சொன்னாள். மறுநாள் காலை பத்மதீர்த்தக் குளத்தைச் சுற்றி நடக்கும்போது கேட்டுவிட்டேன்.

“நோட்டீஸ் வராத வீடு உன் வீடு ஒண்ணுதான்.”

“அதுக்கு?”

“என் கொல்லையை எடுத்த படம் உன் மொட்டை மாடியிலேர்ந்து எடுத்தது. டேங்க் மூடியில நாம கட்டின நீலக் கயிறு அதுல தெரியறது.”

அவன் நின்றான்.  கோபப்படுவான் என்று நினைத்தேன். குரலை உயர்த்தவே இல்லை.

“இதை என்கிட்டக் கேக்கணும்னு நேத்திக்குப் பூரா யோசிச்சிண்டு இருந்திருக்கே, அல்லே?” என்றான்.

பிறகு சாலையைக் கடந்து அந்தப் பக்கமாகத் திரும்பி வீட்டுக்குப் போனான். நான் மீதிச் சுற்றைத் தனியாக நடந்து முடித்தேன். அன்று பத்து மணிக்கு இடைச்சுவரில் பேப்பர் வரவில்லை.

அவனுடைய அந்தப் பதிலை நான் குற்ற ஒப்புதல் என்றே எடுத்துக்கொண்டேன். செய்யாதவன் இல்லை என்று சொல்லியிருக்க மாட்டானா? இப்படி ஒரு கணக்கு. எங்கள் சமையலறை ஜன்னலிலிருந்து அவன் மாடி தெரியும். அடுத்த சில நாட்கள் காலையும் மாலையும் ஏதாவது சாக்கில் அங்கே போய் நின்றேன். அவன் மாடிக்கு வரவே இல்லை. முழங்கால் வலி, படியேறுவதை டாக்டர் குறைக்கச் சொல்லியிருந்தது எனக்கே தெரியும். தெரிந்தும் நின்றேன்.

மாடிக்கு வந்து போய்க்கொண்டிருந்தது வேறு ஒருத்தி. அவன் கொல்லைக் கடைசியில் இரண்டு அறை கொண்ட சின்ன அவுட்ஹவுஸ் உண்டு. அதில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பத்தை வாடகைக்கு வைத்திருந்தான். புருஷன் கட்டட வேலைக்குப் போகிறவன். அவள் ஆரியசாலையில் ஒரு மளிகை மொத்தக் கடையில் பருப்பு புடைத்துக் கொடுக்கிற வேலையில் இருந்து, இப்போது குழந்தைக்காக வீட்டோடு இருந்தாள். மூன்று வயதுப் பெண் குழந்தை. துணி உலர்த்த மட்டும் வெளிப்படி வழியாக மாடிக்கு வருவாள். துணி உலர்த்துகிற பெண்ணை யார் கவனிப்பார்கள்? நானும் கவனிக்கவில்லை.

கும்ப மாதத்தில், மாசியில், பகவதி கோயில் பொங்காலை வந்தது. நகரம் முழுக்கத் தெருவில் செங்கல் அடுப்பு மூட்டுகிற அந்த நாளில் எங்கள் தெருவிலும் இரண்டு வரிசையாக அடுப்புகள். தடை இல்லாத தீ. நோட்டீஸ் வந்த வீட்டுப் பெண்களும் வராத வீட்டுப் பெண்களும், பேச்சை விட்டவர்களும்கூட, கண்ணைக் கசக்கிக்கொண்டு அடுத்தடுத்து உட்கார்ந்து பொங்கலிட்டார்கள். அவுட்ஹவுஸ் பெண் மட்டும் இல்லை. முந்தின நாளே கதவைப் பூட்டிக்கொண்டு, குழந்தையோடு விதுரையில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாளாம். ஒரு மாதம் முன்பே புது மண்பானை வாங்கி வைத்திருந்தாள், ஏன் போனாளோ என்று என் மனைவி ஆச்சரியப்பட்டாள். அப்போதுதான் எனக்கு முதல்முறையாக அந்தப் பெண் பக்கம் புத்தி போனது.

அதற்குப் பிறகு ஒரு நாள் சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். மூன்றாவது வீட்டில் யாரோ துணிந்து சருகுக்குத் தீ வைத்திருந்தார்கள். கடல்காற்று அந்தப் புகையைக் கொல்லைகளின் மேலாகத் தள்ளிக்கொண்டு வந்தது. அவள் மாடிக்கு வந்தாள். கையில் துணி வாளி இல்லை. டேங்க் பக்கத்தில் நின்று, இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்தாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. படம் எடுத்துவிட்டு இறங்கிப் போனாள்.

ஜன்னலோரம் நின்ற எனக்கு முதலில் வந்தது கோபம்தான். வாடகைக்கு வந்து ஒரு வருஷம் ஆகவில்லை, தெருவையே மூட்டிவிட்டாளே என்ற கோபம். சிநேகிதனை நினைத்து வெட்கம் வந்தது அதற்கு அப்புறம்தான். வரிசையை மாற்றிச் சொன்னால் நான் நல்லவனாகத் தெரிவேன். நடந்தது இப்படித்தான்.

மறுநாள் காலை, வாடகைக்கு இருப்பவர்கள் விவரம் எழுத வேண்டும் என்று ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு பின்சந்து வழியாக அவுட்ஹவுசுக்குப் போனேன். கேட்க வேண்டியதையெல்லாம் மனசுக்குள் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். கதவு திறந்திருந்தது. ஜன்னல் இடுக்குகளில் ஈரத்துணியைத் திணித்து வைத்திருந்தாள். தரையில் ஒரு சின்ன மிஷின் உறுமிக்கொண்டிருந்தது. குழந்தை அவள் மடியில் சாய்ந்து, மூக்கையும் வாயையும் மூடிய பிளாஸ்டிக் மாஸ்க் வழியாக மருந்துப் புகையை இழுத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் அதன் கழுத்துக்குழி உள்ளே போய் வந்தது.

என்னைப் பார்த்ததும் அவள் எழுந்திருக்கப் பார்த்தாள். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். நேற்றுச் சாயங்காலம் மாடியில் பார்த்தேன் என்று மட்டும் சொன்னேன். அவள் மறுக்கவில்லை.

“நான்தான் சார் அனுப்புனேன். நாலும் நான்தான். நேத்து எடுத்தத இன்னும் அனுப்பல.”

“ஒரு வார்த்தை முதல்ல வந்து சொல்லியிருக்கலாமே.”

“சொன்னேனே சார். மாமிட்ட ரெண்டு தடவ சொன்னேன். புகை பிள்ளைக்கு ஆகல, ராத்திரி பூரா இழுக்குன்னு. சருகுப் புகை ஒண்ணும் செய்யாது, சளிக்கு நல்லதுன்னுட்டாவ.”

மாமி என்றது என் மனைவியை.

வீட்டுக்காரரிடம் சொன்னாயா என்று கேட்டேன். புகையைப் பற்றிப் பேசினால் அவர் வேறு வீடு பார்த்துக்கொள் என்று சொல்லிவிடுவார், பேசாமல் இரு என்று புருஷன் தடுத்துவிட்டானாம். குழந்தையை வைத்துக்கொண்டு, இந்த வாடகைக்கு, பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரே பஸ்ஸில் போகிற மாதிரி வேறு இடம் கிடைக்காது. அதனால்தான் அவர் கொல்லையை மட்டும் படம் எடுக்கவில்லை. பொங்காலைக்கு இருந்திருந்தால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கும் என்றுதான் விதுரைக்குப் போனாள். பானை அப்படியே மூலையில் கவிழ்ந்து கிடந்தது.

நம்பர் எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன்.

“நீங்க குழுவுல போட்டத மாமிதான் காட்டுனாவ. எனக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது. நீங்க தமிழ்ல எழுதியிருந்தீய.” குழந்தையின் மாஸ்க்கைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்: “பேரு வெளிய வராதுன்னும் நீங்கதான் எழுதியிருந்தீய சார்.”

கையிலிருந்த காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றேன். நம்பினாளா என்று தெரியவில்லை. தலையை ஆட்டினாள். அவள் பார்வை என் சட்டைப் பையில் இருந்த காகிதத்தின் மேலேயே இருந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் மட்டும் சொன்னேன்.  “அவ வந்து சொன்னப்போ நான் புளி கரைச்சிண்டிருந்தேன். திரும்பிக்கூடப் பாக்கலை” என்றாள். அன்றே கொல்லையில் ஒரு குழி வெட்டச் சொன்னாள். சருகைப் போட்டு மண் தூவி மக்க வைக்க.

அடுத்த நாள் சிநேகிதன் வீட்டு வாசல்வரை போனேன். உன்னைச் சந்தேகப்பட்டது தப்பு என்று சொல்ல வேண்டும். சொன்னால், உன் மாடியிலிருந்து எடுத்தவர் பிறகு யார் என்று கேட்பான். கேட்டால் என்ன சொல்வது? மணியை அடிக்காமல் திரும்பினேன். அப்படி ஒரு வாரம் தயங்கியதுதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

ஞாயிற்றுக்கிழமை பஜனை மடத்து ஹாலில் அசோசியேஷன் கூட்டம். பத்துப் பேர் வருகிற கூட்டத்துக்கு முப்பது பேர் வந்திருந்தார்கள். நோட்டீஸ் விஷயம்தான் ஒரே விஷயம். தெருவில் கேமரா வைக்க வேண்டும் என்றார் ஒருவர். கேமரா வைத்தால் அதை யார் பார்ப்பது என்று இன்னொருவர் கேட்டு, கேட்டபடியே என்னைப் பார்த்தார். வேறு சிலரும் பார்த்தார்கள்.

அப்போது என் சிநேகிதன் எழுந்தான். மூன்று வாரமாக என்னோடு பேசாதவன், என்னைக் கைகாட்டித்தான் பேச்சை ஆரம்பித்தான். படம் தன்னுடைய மாடியிலிருந்து எடுக்கப்பட்டது என்று செக்ரட்டரியே தன்னிடம் சொன்னார் என்றான். அவர் தன்னைச் சந்தேகப்பட்டார், போகட்டும், ஆனால் விஷயம் உண்மையாக இருக்கும், அவர் அப்படிச் சும்மா சொல்கிறவர் இல்லை. தன்னால் படியேற முடியாது, மனைவியும் ஏற மாட்டாள். மாடிக்கு வந்து போகிறவர்கள் அவுட்ஹவுஸ்காரர்கள் மட்டும்தான்.

“நான் அவாகிட்டக் கேக்கப் போறதில்லை. கேட்டா இல்லைன்னுதான் சொல்லுவா. மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணச் சொல்லியாச்சு” என்றான்.

ஹாலில் ஒரு நிம்மதி பரவியது. என் கண்ணாலேயே பார்த்தேன். குற்றவாளி தெருக்காரர் இல்லை, வெளியூர்க்காரி என்றதும் முகங்கள் தளர்ந்தன. சிலர் தங்களுக்குள் சிரித்துக்கொண்டார்கள்கூட. அவளை அவனுக்குக் காட்டிக்கொடுத்தது நான். டேங்கையும் நீலக் கயிற்றையும் பற்றி நான் குளக்கரையில் சொல்லியிராவிட்டால் அவனுக்கு மாடியைப் பற்றி யோசிக்கவே தோன்றியிருக்காது.

“அவா இல்லை. நான்தான்” என்றேன்.

 அப்பவே நினைத்தேன் என்று பின்னாலிருந்து ஒரு குரல். அனுப்பிய படத்தைப் போனில் காட்டும்படி ஒருவர் கேட்டார், அழித்துவிட்டேன் என்றேன். தனக்கே நோட்டீஸ் வரவழைத்துக்கொண்ட கதை ஏற்கெனவே தெருவில் தயாராக இருந்ததால் யாருக்கும் ஆச்சரியமில்லை. இவ்வளவு சுலபமாக நம்புவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

சிநேகிதன் மட்டும் உட்காரவில்லை.

“என் மாடிக்கு எப்படி வந்தே?”

“கைப்பிடிச் சுவரைத் தாண்டி.”

“உன் மாடியிலேர்ந்தே உன் கொல்லை தெரியுமே. என் மாடிக்கு எதுக்கு வரணும்?”

இந்தக் கேள்வி வரும் என்று நான் யோசித்திருக்கவில்லை.  நான் பேசாமல் நிற்க நிற்க, அவன் பதிலைத் தானே கண்டுபிடித்துக்கொண்டது முகத்தில் தெரிந்தது. அவன் டேங்க் தெரியும்படி எடுத்து, அவன் மேல் பழியைப் போட்டு, குளக்கரையில் நல்லவனைப் போல வந்து விசாரித்திருக்கிறேன் என்று.

“சரி” என்று மட்டும் சொல்லிவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வெளியே நடந்தான்.

அன்றே செக்ரட்டரி பதவியை விட்டேன். அவுட்ஹவுஸ்காரர்களைக் காலி பண்ணச் சொன்னதை அவன் திரும்ப வாங்கிக்கொண்டான். அந்த விஷயத்தில் அவன் நேர்மையானவன். தப்பாகச் சந்தேகப்பட்டுவிட்டேன் என்று அவளிடம் போய்ச் சொல்லவும் செய்தானாம்.

இதை நான் பெரிய தியாகமாகச் செய்யவில்லை. எப்படியும் தெருவில் பாதிப் பேர் என்னைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள், போக இனி என்ன இருக்கிறது என்ற கணக்கும் உள்ளே ஓடியிருக்க வேண்டும். கணக்கு தப்பு. இழந்ததில் பெரும்பங்கு என் மனைவியுடையது. வெள்ளிக்கிழமை லலிதா சகஸ்ரநாமத்துக்கு நேரம் மாற்றினால் அவளுக்கு மட்டும் தகவல் வராது. போய்ப் பார்த்தால் முடிந்திருக்கும். ஒருவரும் முகம் சுளிக்கமாட்டார்கள், எல்லோரும் அன்பாகச் சிரிப்பார்கள். இரண்டு மூன்று தடவைக்குப் பிறகு அவள் போவதை நிறுத்திவிட்டாள். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. புளி கரைத்துக்கொண்டிருந்த அந்த நாளுக்காகத் தானே தண்டனை விதித்துக்கொண்டாள் என்று நினைக்கிறேன்.

ஒன்று மட்டும் நடந்தது. எங்கள் தெருவில் சருகு எரிப்பது நின்றது. சட்டத்துக்குப் பயந்து அல்ல, எனக்குப் பயந்து. தீப்பெட்டியை எடுக்கிறவர்கள் முதலில் என் மொட்டை மாடியைப் பார்ப்பார்களாம். நான் ஒரு நாள் தேங்காய் உலர்த்த மாடிக்குப் போனபோது, நாலு வீடு தள்ளி ஒருவர் குவித்து வைத்த சருகை அவசரமாக மண்வெட்டியால் கலைத்துப் போட்டார். சாயங்காலக் காற்று சுத்தமாக இருந்தது. அவுட்ஹவுஸ் ஜன்னல் இடுக்கிலிருந்த துணிகளை அவள் எடுத்துவிட்டாள். குழந்தை சந்தில் ஓடி விளையாடுகிற சத்தம் எங்கள் வீட்டுக்கும் கேட்டது.

சிங்க மாதத்தில், ஆவணியில், அவள் புருஷனுக்கு விதுரைப் பக்கம் நீண்ட நாள் வேலை ஒன்று அமைந்தது. மலைப்பக்கம், குழந்தைக்கும் நல்லது என்று அங்கேயே வீடு பார்த்துவிட்டார்கள். போகிறதற்கு முந்தின நாள் பின்வாசல் வழியாக வந்தாள். என்னால் உங்களுக்குக் கெட்ட பெயர் வந்துவிட்டது, மாமிக்கும் கஷ்டம், வீட்டுக்காரரிடம் நானே நடந்ததைச் சொல்லிவிட்டுப் போகிறேன் என்றாள். நான் வேண்டாம் என்று தடுத்தேன். வாசலில் சாமான் ஏற்றுகிற நேரத்தில் தெருக்காரர்கள் கூடி, அவளை ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்று பயம். நீங்கள் நல்லபடியாகப் போய்ச் சேருங்கள், நான் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். அவள் தயங்கித் தயங்கித்தான் போனாள்.

எட்டு நாள் கழித்து, இனி அவளுக்கு ஒரு ஆபத்தும் இல்லை என்று உறுதியானபிறகு, சிநேகிதன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி கதவைத் திறந்து, காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். நான் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஜன்னலிலிருந்து பார்த்தது, மிஷின், மாஸ்க், மண்பானை, நான் தமிழில் எழுதியது, கூட்டத்தில் ஏன் அப்படிச் சொன்னேன் என்பது.  அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டான்.

“அவா போய் எட்டு நாள் ஆச்சு. இப்ப வந்து சொல்றே.”

“இருந்தப்போ சொன்னா நீ காலி பண்ண வெச்சிருப்பே.”

“வெச்சிருப்பேன்தான்” என்றான். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தான். “முதல்ல என்மேல பழி போட்டே. அப்புறம் உன்மேலயே போட்டுண்டே. இப்போ அவ செஞ்சாள்னு சொல்றே. நான் எதை நம்பறது?”

அவளுக்குப் போன் செய்து தருகிறேன், நீயே கேள் என்றேன். அவன் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். நான் சொல்லிக் கொடுத்ததைத்தான் அவள் சொல்லுவாள் என்றான். அதைக் கோபமாகச் சொல்லவில்லை. ஒரு நோயைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னான். காபியைக் குடி, ஆறிப்போகும் என்று டம்ளரை என் பக்கம் நகர்த்தினான். குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

என்ன சொன்னார் என்று மனைவி கேட்டாள். சொன்னேன். அவள் அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினாள்.

“அவர் இடத்துல நீங்க இருந்தா நம்புவேளா?”

நான் கொல்லைக்குப் போய், அன்று விழுந்திருந்த சருகைக் கூட்டிக் குழியில் தள்ளினேன். இடைச்சுவருக்கு அந்தப் பக்கம் அவனும் கூட்டுகிற சத்தம் கேட்டது. நான் நிறுத்தியபோது அவனும் நிறுத்தினான். நான் மறுபடி ஆரம்பிக்கக் கொஞ்சநேரம் காத்திருந்தான்.